அடிபட்ட காசெல்லாம் எரர் காயின் ஆகிவிடாது!

சில்லறையில் நசுங்கின காசு ஒன்று வந்துவிடக் கூடாது. உடனே போட்டோ எடுத்து, "எரர் காயின், அபூர்வம், லட்சக்கணக்கில் போகும்" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். ஐயா, எரர் காயின் என்றால் நாணயச்சாலையில் தயாராகும்போதே தவறாக வந்த காசு. இது யாரோ சுத்தியலால் அடித்த காசு! சொன்னால் நமக்குப் பொறாமையாம்.

நாணயச்சாலையிலேயே கெட்டதா, வெளியே வந்தபின் அடிபட்டதா என்று பெரும்பாலும் காசைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பார்க்கத்தான் யாருக்கும் பொறுமை இல்லை. அச்சில் விரிசல் இருந்தால் உலோகம் அதற்குள் ஏறி, காசின் மேல் கோடு மேடாக நிற்கும். ஆணியால் கீறியிருந்தால் கோடு பள்ளமாக இருக்கும், அதன் ஓரங்களில் உலோகம் பிசிறாக எழும்பியிருக்கும். நகத்தால் தடவிப் பார்த்தாலே போதுமே, இதற்கு எதற்கு ஏலம்?

ஓரம் குறைந்த காசு இன்னொரு தலைவலி. வில்லையை, அதாவது காசாக அடிப்பதற்கான வெறும் உலோகத் தட்டை, வெட்டும்போதே ஒரு துண்டு போயிருந்தால், அதற்கு நேர் எதிரே உள்ள விளிம்பும் பெரும்பாலும் மங்கலாக இருக்கும். விளிம்பு எழுப்பும் இயந்திரத்தில் அந்த இடத்துக்குச் சரியான அழுத்தம் கிடைக்காது, அதனால்தான். அரத்தால் ராவிய காசில் எதிர் விளிம்பு ஜம்மென்று நிற்கும். இதைச் சுட்டிக்காட்டினால், "அது வேற டைப் எரர்" என்கிறார்கள். என்ன டைப்போ!

சரி, தெரியாதவர்களை விடுங்கள். தெரிந்தே ஏமாற்றுகிறவர்களை என்ன செய்வது? போருக்குச் செம்பு தேவைப்பட்டதால் அமெரிக்கா 1943-ல் ஒரு சென்ட் காசைத் துத்தநாகம் பூசிய எஃகில் அடித்தது. தவறுதலாகச் சில காசுகள் மட்டும் செம்புக் கலவையில் வந்துவிட்டன. அவ்வளவுதான், எஃகுக் காசுக்குச் செம்பு முலாம் பூசி விற்கக் கிளம்பிவிட்டார்கள். காந்தத்தில் பச்சக்கென்று ஒட்டுகிற காசைச் செம்பு என்று சாதிக்க எவ்வளவு தைரியம் வேண்டும்! 1948-ல் வந்த செம்புக் காசில் 8-ஐச் சுரண்டி 3 ஆக்குவதும் உண்டு. அங்கே காந்தம் உதவாது, அந்த எண்ணை லென்ஸ் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

அப்புறம், இந்த இரண்டு பக்கமும் தலை உள்ள காசு. பெரும்பாலும் மேஜிக் செய்கிறவர்களுக்காகச் செய்த சாமான் அது. ஒரு காசைக் குடைந்து, இன்னொன்றைத் தேய்த்து உள்ளே பொருத்தியிருப்பார்கள். விளிம்பின் உட்பக்கம் மெல்லிய இணைப்புக் கோடு சுற்றி ஓடும். போட்டோவில் அந்த இடம் மட்டும் எப்போதும் மங்கலாகவே விழுகிறது!

ராவின காசும் அமிலத்தில் ஊறின காசும் எடை குறையும். அதனால், "எடை எவ்வளவு?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். அதோடு ஆள் காணாமல் போய்விடுவார்.