உயரம் குறைவென்றால் டார்ஷன் ஸ்பிரிங் கூடாதா?

மேலேறித் திறக்கும் கராஜ் கதவின் எடையைத் தாங்குவது, தண்டைச் சுற்றி முறுகும் டார்ஷன் ஸ்பிரிங் அல்லது நீண்டு சுருங்கும் இழுபடும் ஸ்பிரிங். “கராஜ் வாசலுக்கு மேல் 12 அங்குலம் இல்லையென்றால் டார்ஷன் ஸ்பிரிங் பொருத்தவே முடியாது, இழுபடும் ஸ்பிரிங் ஒன்றே வழி” என்று நண்பர் எழுதியிருப்பது முழு உண்மை அன்று. வாசலுக்கு நேர் மேலே சுவரில் தண்டைப் பொருத்தும் வழக்கமான முறைக்குத்தான் ஏறத்தாழ அவ்வளவு இடம் தேவை. கதவின் சக்கரங்கள் ஓட இரட்டைத் தடம் அமைத்து, தண்டையும் ஸ்பிரிங்கையும் கூரையடியில் கிடையாக ஓடும் தடத்தின் பின்கோடிக்குக் கொண்டுபோனால் சுமார் 6 அங்குலத்திலேயே கதவு ஏறி இறங்கும். வேளச்சேரியில் எங்கள் வீட்டில் வாசலின் மேல்விளிம்பிலிருந்து கூரை வரை 14 அங்குலம் என்று டேப் காட்டியது. குறுக்கே ஓடிய பீமின் அடி வரை அளந்தபோதோ 7தான் இருந்தது, கணக்கில் கொள்ள வேண்டியதும் அதுவே. டார்ஷன் ஸ்பிரிங் கம்பியின் தடிமனையும் சுருளின் நீளத்தையும் தீர்மானிப்பவை கதவின் எடையும் உயரமும், கதவைத் தூக்கும் கேபிள் சுற்றும் டிரம்மும். இழுபடும் ஸ்பிரிங்கையே வாங்குவோர், அதன் உள்ளே பாதுகாப்புக் கேபிள் ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்; அறுந்து தெறித்தால் சேதம் கார்க் கண்ணாடியோடு நிற்காது.