இந்த வருடம் ஜகாத் சேலை வேண்டாமே

ரமலானுக்கு இன்னும் சில வாரங்கள்தான் இருக்கின்றன. வருடா வருடம் மனசில் வைத்துக்கொண்டு சொல்லாமலே விட்டுவிடும் ஒரு விஷயத்தை இந்த முறை எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

திருநெல்வேலி மேலப்பாளையத்தில் பீடி சுற்றும் வீட்டில் பிறந்தவன் நான். சிறு வயதில் நோன்பு இருபது தாண்டியதும் உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு வசதியானவர்கள் வீட்டு வாசலுக்குப் போவாள். வரிசை தெருமுனை வரைக்கும் நிற்கும். நோன்பு வாயோடு வெயிலில் இரண்டு மணி நேரம் நின்றால் ஒரு பத்து ரூபாய் நோட்டும் ஒரு சேலையும் கிடைக்கும். ரமலானில் ஏழைகளுக்குக் கொடுப்பதற்கென்றே ஜகாத் சேலை என்று ஜவுளிக் கடைகளில் தனியாக விற்பார்கள். கட்டுக் கட்டாக வாங்கினால் விலை இன்னும் குறையும். முதல் தடவை அலசும்போதே வாளித் தண்ணீர் முழுக்கச் சாயமாகிவிடும். உம்மா அந்தச் சேலைகளில் ஒன்றைக்கூடக் கட்டி நான் பார்த்ததில்லை. ஒன்று தம்பிக்குத் தொட்டிலானது, இன்னொன்று கதவில்லாத அறைக்குத் திரையானது. பெருநாள் முடிந்து ஒரு வாரத்தில் மளிகைக்கடை நோட்டில் அதே பழைய பாக்கி காத்துக்கொண்டிருக்கும்.

கொடுத்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. கணக்குப் பார்த்து, அல்லாஹ்வுக்குப் பயந்து கொடுத்தவர்கள்தான். கொடுத்த முறையில்தான் எனக்கு வருத்தம்.

மற்ற மதத்து நண்பர்களுக்காக இதைச் சொல்லிவிடுகிறேன். ஏறத்தாழ 612 கிராம் வெள்ளியின் மதிப்புக்கு மேல் சேமிப்போ வியாபாரச் சரக்கோ ஒருவரிடம் ஒரு வருடம் இருந்தால், அதில் நூற்றுக்கு இரண்டரை கட்டாயம் கொடுத்தாக வேண்டும். இதுதான் ஜகாத். யாருக்குப் போகவேண்டும் என்று குர்ஆனின் தவ்பா அத்தியாயம் 60ஆம் வசனம் எட்டு வகையினரைச் சொல்கிறது. ஏழைகள், வறியவர்கள் என்று தொடங்கும் அந்தப் பட்டியலில் கடனாளிகளும் இருக்கிறார்கள். கடனாளிகள் என்பதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

பத்து லட்சம் இருப்பவருக்கு ஜகாத் 25,000 ரூபாய். அதை ஐம்பது ஐம்பதாகப் பிரித்தால் 500 பேருக்குக் கொடுக்கலாம். அந்த ஐம்பதை வைத்துக்கொண்டு ஒருவராவது அடுத்த வருடம் வரிசையில் நிற்காமல் இருப்பாரா? அதே 25,000 ஒரே வீட்டுக்குப் போனால் கதை வேறு.

வரிசையில் நிற்க வைப்பதில் உயிராபத்தும் இருக்கிறது. 2008 ரமலானில் இந்தோனேசியாவின் பசுருவான் நகரத்தில் ஒரு செல்வந்தர் வீட்டில் ஜகாத் வாங்கப் போன கூட்டத்தில் 21 பெண்கள் நசுங்கி இறந்துபோனார்கள். ஆளுக்கு 30,000 ரூபியா. அன்றைய மதிப்பில் மூன்று டாலர் சொச்சம். 2023இல் ஏமன் தலைநகர் சனாவில், பெருநாளுக்கு ஓரிரு நாள் இருக்கும்போது வியாபாரிகள் பணம் கொடுத்த இடத்தில் நெரிசல் ஏற்பட்டு எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் மௌத்தானார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு உம்மாவின் கை ஞாபகம்தான் வந்தது. கூட்டம் தள்ளும்போதெல்லாம் என் மணிக்கட்டை வலிக்க வலிக்கப் பிடித்திருப்பாள்.

நபியவர்களின் சொல், செயல்களைப் பதிந்த அபூதாவூத் தொகுப்பில் ஒரு ஹதீஸ் வருகிறது. மதீனாவாசிகளான அன்சாரிகளில் ஒருவர் ரசூலுல்லாஹ்விடம், அதாவது நபியவர்களிடம், யாசகம் கேட்டு வருகிறார். வீட்டில் என்ன இருக்கிறது என்று அவரிடம் விசாரிக்கிறார்கள். போர்த்திக்கொள்ளவும் விரித்துக்கொள்ளவும் ஒரு துணி, தண்ணீர் குடிக்க ஒரு பாத்திரம். இரண்டையும் எடுத்து வரச் சொல்லி, அங்கேயே ஏலம் விடுகிறார்கள். ஒருவர் ஒரு திர்ஹம் (அன்றைய வெள்ளிக்காசு) என்கிறார், இன்னொருவர் இரண்டு திர்ஹமுக்கு எடுத்துக்கொள்கிறார். ஒரு திர்ஹமில் வீட்டுக்குச் சாப்பாடு, மற்றதில் ஒரு கோடரி. அந்தக் கோடரிக்கு ரசூலுல்லாஹ் தன் கையாலேயே காம்பு மாட்டிக் கொடுத்து, விறகு வெட்டி விற்கச் சொல்லி, பதினைந்து நாள் என் கண்ணில் படக்கூடாது என்று அனுப்புகிறார்கள். திரும்பி வரும்போது அவர் கையில் பத்து திர்ஹம்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை பயானில் (உரையில்) எத்தனையோ தடவை கேட்ட ஹதீஸ். உழைப்பின் சிறப்பு என்றுதான் இதை எப்போதும் விளக்குவார்கள். எனக்கு இதில் வேறு மூன்று விஷயங்கள் தெரிகின்றன. முதலில் வீட்டு நிலவரத்தைக் கேட்டார்கள். அன்றைய பசிக்குத் தனியாக ஒரு திர்ஹம் ஒதுக்கினார்கள். கருவியைக் கொடுத்ததோடு நிற்காமல் கெடு வைத்து, அவர் வந்ததும் என்ன ஆனது என்று பார்த்தார்கள். ஒரு நல்ல பைத்துல்மால், அதாவது ஜகாத்தைத் திரட்டிப் பங்கிடும் பொது நிதி, செய்ய வேண்டிய வேலை மொத்தமும் இதற்குள் இருக்கிறது.

எங்கள் மஹல்லாவில் (பள்ளிவாசலைச் சேர்ந்த பகுதியில்) பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து ஜகாத்தை ஒரே இடத்தில் திரட்டிக் கொடுக்கத் தொடங்கியபோது நாங்களும் சறுக்கினோம். ஒருவருக்கு டீ போட அடுப்பு, பாய்லரோடு தள்ளுவண்டி வாங்கிக் கொடுத்தோம். நாலே மாதத்தில் வண்டியை விற்றுவிட்டார். கூட்டத்தில் அவரைத் திட்டாதவர்கள் இல்லை, நானும் பேசினேன். பிறகு ஒருநாள் இரவுத் தொழுகையான இஷாவுக்குப் பின் அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. மனைவி பெயரில் மூன்று குழுக் கடன். திங்கள் ஒன்று, புதன் ஒன்று, வெள்ளி ஒன்று என்று தவணை. காலையில் டீ விற்ற காசு மதியம் தவணைக்காரர் கைக்குப் போனால் மறுநாள் பால் எதில் வாங்குவது? அவர் வண்டியை விற்றது அந்த வாரத் தவணைக்காக. கடனைக் கேட்காமல் வண்டியைக் கொடுத்தது எங்கள் தப்பு. அவரிடம் மன்னிப்புக் கேட்டோம்.

அன்றிலிருந்து முதல் கேள்வியே கடன்தான். அல்லாஹ் கடனாளிகளைத் தனி வகையாகவே சொல்லியிருக்கும்போது நாம் ஏன் அதை ஏதோ பழைய காலத்து விஷயம் போல விட்டுவிட்டோம்? அடுத்து எடுத்த குடும்பத்தில் கொத்தனார் வேலை பார்த்த கணவர் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு உடைந்து கிடந்தார். அந்தப் பெண் பீடி சுற்றிக் குடும்பத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள். ஜகாத்தில் முதலில் கடனை முழுதாக அடைத்தோம். நகை அடகிலிருந்து வந்தது. இரண்டு மாதம் கழித்துத்தான் தையல் மெஷினும் ஓவர்லாக் மெஷினும். இப்போது பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிறாள். பீடித் தட்டு பரணில் ஏறிவிட்டது. இது முடிய ஒன்றரை வருடம் ஆனது, மாதம் ஒரு தடவை யாராவது போய்ப் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

“ஒரே குடும்பத்துக்கு இவ்வளவா? மற்ற ஏழைகள் என்ன செய்வார்கள்?” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் இது நாங்கள் புதிதாகக் கண்டுபிடித்தது இல்லை. கொடுத்தால் தேவை தீரும்படி கொடுங்கள் என்று இரண்டாவது கலீஃபாவான உமர் (ரலி) சொன்னதாக வருகிறது. பதிமூன்றாம் நூற்றாண்டில் சிரியாவில் வாழ்ந்த இமாம் நவவீ, தொழில் தெரிந்த ஏழைக்கு அந்தத் தொழிலுக்கு வேண்டிய கருவியின் விலையைக் கொடுக்கவேண்டும், அது குறைவோ அதிகமோ என்று எழுதியிருக்கிறார். கீரை விற்பவருக்கு ஐந்து பத்து திர்ஹம் போதும், ரத்தினம் விற்பவருக்குப் பத்தாயிரம் திர்ஹம் தேவைப்பட்டால் அதையும் கொடுக்கலாம் என்கிற அளவுக்குப் போகிறார்.

ஜகாத்தைக் கடனாகக் கொடுத்துத் திரும்ப வாங்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வாங்குபவருக்குச் சொந்தமாகிவிட வேண்டிய பணம் அது. அதனால் வட்டியில்லாக் கடனுக்கு நாங்கள் ஸதகா என்கிற, விரும்பிக் கொடுக்கும் தர்மப் பணத்தைத் தனிக் கணக்கில் வைத்திருக்கிறோம். அதில் மத வித்தியாசம் பார்ப்பதில்லை, பக்கத்துத் தெரு பூக்கார அக்காவும் வாங்கியிருக்கிறார். பாகிஸ்தானில் டாக்டர் அம்ஜத் சாகிப் 2001இல் தொடங்கிய அகுவத் அமைப்பு இதைப் பெரிய அளவில் செய்கிறது. முதல் கடன் லாகூரில் ஒரு விதவைப் பெண்ணுக்குக் கொடுத்த பத்தாயிரம் ரூபாய். தர்மம் வேண்டாம், கடனாகத் தாருங்கள் என்று கேட்டு வாங்கி, தையல் மெஷின் வைத்து, ஆறு மாதத்தில் திருப்பிக் கொடுத்தார். அந்தப் பணம் அடுத்தவருக்குப் போனது. மஸ்ஜிதுகளில் வைத்தும் சர்ச்சுகளில் வைத்தும் கடன் கொடுக்கிறார்கள். 2021இல் சாகிப்புக்கு மக்சேசே விருது கிடைத்தது. நம் பள்ளிவாசல்களில் தொழுகை நேரம் போக இடம் சும்மாதானே இருக்கிறது?

அப்புறம் ஒரு வேண்டுகோள். பேனர் கட்டி, வாங்குபவரை மெஷினோடு நிற்க வைத்துப் போட்டோ எடுத்துப் போடாதீர்கள். ஜகாத் அவர்களுடைய உரிமை. மெஷின் வாங்கும் பெண்ணின் மகளும் நாளை பேஸ்புக்குக்கு வருவாள். எங்கள் கணக்கு நோட்டில் பெயர்கூட இல்லை, எண் மட்டும்தான். நிர்வாகத்தில் இருக்கும் மூன்று பேருக்குத்தான் அந்த எண் யாருடையது என்று தெரியும். கணக்கை மட்டும் ரமலானுக்கு அடுத்த மாதமான ஷவ்வாலின் முதல் ஜும்ஆவில் எல்லார் முன்னும் படிக்கிறோம்.

முடியாத முதியவர்கள், நோயாளிகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு மெஷின் கொடுத்து என்ன செய்ய? மாதா மாதம் அரிசியும் மருந்தும் வீடு தேடிப் போகவேண்டும். அதற்கென்று ஒரு பகுதியை எடுத்து வைத்துவிட்டுத்தான் மீதியைத் தொடுகிறோம்.

இந்த வருடம் ஏழு குடும்பங்களின் விவரம் கையில் இருக்கிறது. ஏழு வீட்டிலும் கடன் இருக்கிறது. இப்போதைக்கு மூன்று குடும்பங்களுக்குத்தான் பணம் சேர்ந்திருக்கிறது. கடைகளில் ரமலானுக்கு முந்தைய மாதமான ஷஃபான் பாதியிலேயே ஜகாத் சேலைக் கட்டுகள் வந்து இறங்கிவிடும். அதற்கு ஆர்டர் கொடுக்கும் முன்னால் எனக்கோ, உங்கள் மஹல்லா பைத்துல்மாலுக்கோ ஒரு போன் செய்யுங்கள்.