எடிட்டரை மூடினால் மீட்டர் நிற்காது

விஎஸ் கோட் மாதிரி, புரோகிராம் எழுதும் எடிட்டரில் ஒரு எக்ஸ்டென்ஷனைப் (கூடுதல் வசதியை) போட்டால் போதுமாம். கிளவுடில் வாடகைக்கு எடுத்த விஎம் (மெய்நிகர் கணினி) எல்லாம் இடப்பக்கப் பட்டியலில் வந்து உட்காருமாம். வலது கிளிக், ஸ்டார்ட், கனெக்ட், வேலை முடிந்ததாம். எங்கே முடிந்தது? மாதக் கடைசியில் பில் வரும்போதுதான் எது ஓடிக்கொண்டே இருந்தது என்பது தெரியும். விஎம்மை உருவாக்க மட்டும் வழுவழுவென்று பாதை போட்டிருக்கிறார்கள். அதை நிறுத்த, நின்றதா என்று பார்க்க, மிச்சம் மீதியைத் துடைத்துப் போட என்று வந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சந்துக்குள் நுழைய வேண்டியிருக்கிறது.

முதல் வயிற்றெரிச்சல், நிறுத்துவது. மைக்ரோசாஃப்டின் கிளவுடான அஸூரில், விஎம்முக்குள் இருந்துகொண்டு ஷட்டவுன் கொடுங்கள். ஓஎஸ் அணையும், கட்டணம் அணையாது. நிலை 'ஸ்டாப்டு' என்றுதான் காட்டும், ஆனால் அந்த ஹார்டுவேர் உங்கள் பேரில் ஒதுக்கப்பட்டபடியே கிடக்கும், கம்ப்யூட் காசு (மெஷின் வாடகை) ஓடிக்கொண்டிருக்கும். 'ஸ்டாப்டு, டீஅலோகேட்டட்' (ஒதுக்கீடும் விடுபட்டது) என்று வந்தால்தான் நின்றதாகக் கணக்கு. கமாண்ட் லைனில் 'விஎம் ஸ்டாப்' கொடுத்தால் முதல் நிலை, 'விஎம் டீஅலோகேட்' கொடுத்தால் இரண்டாவது. அஸூரின் இணையதளமான போர்ட்டலில் இருக்கும் ஸ்டாப் பட்டனோ இரண்டாவதைச் செய்கிறது! ஒரே பெயர், இரண்டு வேலை. இதை யோசித்தவர் சொந்தக் காசில் விஎம் வைத்திருக்க மாட்டார்.

அமேசானின் கிளவுடான ஏடபிள்யூஎஸ் பக்கம் போனால் கதை தலைகீழ். ஈசி2-க்குள் (அங்கே விஎம்முக்குப் பெயர் அது, ஒவ்வொன்றும் ஒரு 'இன்ஸ்டன்ஸ்') ஷட்டவுன் கொடுத்தால் வழக்கமான அமைப்பில் அது ஸ்டாப் ஆகிறது, இன்ஸ்டன்ஸ் கட்டணமும் நிற்கிறது. ஆனால் உருவாக்கும்போது 'ஷட்டவுன் பிஹேவியர்' என்ற இடத்தில் யாராவது டெர்மினேட் என்று வைத்திருந்தால், அதே ஷட்டவுன் மெஷினையே அழித்துவிடும், ரூட் டிஸ்க்கும் (ஓஎஸ் இருக்கும் டிஸ்க்) கூடவே போகும். இரண்டு கிளவுடையும் ஒரே எடிட்டரில் வைத்துக்கொண்டு ஒரே கமாண்டை அடிப்பவர் கதியை யோசித்துப் பாருங்கள். ஓரிடத்தில் காசு போகும், இன்னோரிடத்தில் கோடே போகும்.

சரி, பட்டியலில் நிலையைப் பார்த்துக்கொள்ளலாமே என்பீர்கள். அஸூரில் வெறும் விஎம் பட்டியலைக் கேட்டால் பவர் ஸ்டேட் (ஓடுகிறதா, நின்றதா என்ற நிலை) அதில் வராது, கூடுதல் விவரம் வேண்டுமென்று தனியாகக் கேட்க வேண்டும். கமாண்ட் லைனில் அதற்கு 'ஷோ டீட்டெய்ல்ஸ்' என்று ஒரு ஆப்ஷனே இருக்கிறது. கேட்டால் கிடைக்கும் தகவல்தான். எக்ஸ்டென்ஷன் எழுதுபவர் அதைக் கேட்டு, 'இது காசு தின்கிறது, இது தின்னவில்லை' என்று இரண்டு நிறத்தில் காட்டினால் குடியா முழுகிப்போகும்? ரீஜன் (மெஷின்கள் இருக்கும் ஊர்ப் பகுதி) பிரச்சினை வேறு. எடிட்டரில் வரும் ஏடபிள்யூஎஸ் எக்ஸ்ப்ளோரர் பட்டியலில் நீங்கள் தேர்ந்தெடுத்த ரீஜன் மட்டும்தான் தெரியும். மும்பையைப் பார்த்து 'எதுவும் ஓடவில்லை' என்று நிம்மதியாக இருந்தால், என்றைக்கோ வர்ஜீனியாவில் கிளப்பிய ஒன்று ஜாம்ஜாமென்று ஓடிக்கொண்டிருக்கும்.

எடிட்டர் ஜன்னலை மூடிவிட்டால்? ஒன்றும் ஆகாது. ரிமோட் எஸ்எஸ்எச்சில் (தூரத்து மெஷினோடு பாதுகாப்பாக இணையும் வழி) இணையும்போது விஎம்மில் ஒரு சர்வர் புரோகிராம் இறங்கி உட்கார்ந்துகொள்கிறது. இணைப்பு அறுந்தால் நீங்கள் திரும்பி வருவீர்கள் என்று அது 3 மணி நேரம் காத்திருக்கும், இயல்பான அளவே அதுதான். அந்த சர்வர் ஓடுவது ஒரு நோட் புராசஸாக. அதனால் 'நோட் புராசஸ் ஓடினால் ஆள் இருக்கிறார்' என்று நம்பி ஆட்டோ ஸ்டாப் ஸ்கிரிப்ட் எழுதினால் அது நேரத்துக்கு நிறுத்தாது. பார்க்க வேண்டியது எஸ்எஸ்எச் பயன்படுத்தும் 22-ஆம் போர்ட்டில் உயிரோடிருக்கும் இணைப்புகளின் எண்ணிக்கை. 5 நிமிடத்துக்கு ஒருமுறை கிரானில் (குறித்த நேரத்தில் கமாண்டை ஓட்டும் லினக்ஸ் வசதி) அதை எண்ணுங்கள், தொடர்ந்து 6 முறை பூஜ்யம் வந்தால் ஷட்டவுன். ஈசி2-வுக்கு இது போதும். அஸூரில் இதையே வைத்தால் மேலே சொன்ன பள்ளத்தில் விழுவீர்கள். அங்கே விஎம்முக்கு ஒரு மேனேஜ்டு ஐடென்டிட்டி (விஎம்முக்கென்று அஸூர் தரும் அடையாளம்) கொடுத்து, அதற்கு அந்த ஒரு விஎம் மீது மட்டும் டீஅலோகேட் உரிமை கொடுத்து, ஸ்கிரிப்ட் தன்னைத்தானே டீஅலோகேட் செய்யச் சொல்ல வேண்டும். இவ்வளவு சுற்ற முடியாதவர்களுக்குப் போர்ட்டலில் ஆட்டோ ஷட்டவுன் இருக்கிறது, அது ஒழுங்காக டீஅலோகேட்டே செய்கிறது. நேர மண்டலத்தை மட்டும் பாருங்கள். யுடிசி-யில் (உலகப் பொது நேரம்) விட்டு இரவு 7 மணி என்று வைத்தால் இந்தியாவில் அது நள்ளிரவு 12.30.

நின்ற பிறகும் நிம்மதி கிடையாது. டிஸ்க்குக்குக் காசு உண்டு. ஏடபிள்யூஎஸ்ஸின் வர்ஜீனியா ரீஜன் விலையில் ஜிபி3 வகை டிஸ்க் 100 ஜிபி என்றால் மாதம் 8 டாலர், மெஷின் ஒரு நிமிடம் கூட ஓடாவிட்டாலும். பொது ஐபிவி4 முகவரிக்கு 2024 பிப்ரவரி முதல் ஏடபிள்யூஎஸ் மணிக்கு 0.005 டாலர் வாங்குகிறது, 30 நாளுக்கு 3.60 டாலர். எலாஸ்டிக் ஐபி (மாறாமல் உங்கள் பேரில் வைத்துக்கொள்ளும் முகவரி) என்றால் விஎம் தூங்கினாலும் அந்த மீட்டர் தூங்காது.

அந்தக் காசை மிச்சப்படுத்த எலாஸ்டிக் ஐபி வேண்டாமென்று விட்டால் அடுத்த தொல்லை. ஸ்டாப் செய்து ஸ்டார்ட் செய்யும்போதெல்லாம் ஐபி மாறும். எஸ்எஸ்எச் கான்ஃபிக் ஃபைலில் பழைய ஐபி கிடக்கும், எடிட்டர் அதையே போய்த் தட்டும், டைம் அவுட் என்று புலம்பும். மெஷின் அணைந்திருக்கிறதா, ஐபி மாறிவிட்டதா, ஃபயர்வால் தடுக்கிறதா? மூன்றுக்கும் அதே ஒற்றை டைம் அவுட்தான். இதில் இணைப்புக்கான காத்திருப்பு வெறும் 15 விநாடி. இப்போதுதான் ஸ்டார்ட் ஆன மெஷினில் எஸ்எஸ்எச் எழுந்திருக்கவே அதைவிட நேரம் எடுக்கலாம். 'கனெக்ட் டைம் அவுட்' அமைப்பை 60 ஆக்குங்கள்.

கைவிட்ட ஐபி வேறு வாடிக்கையாளருக்குப் போயிருந்தால் ஹோஸ்ட் கீ (மெஷினின் அடையாளச் சாவி) மாறிவிட்டது என்று பெரிய எச்சரிக்கை வரும். உடனே இணையத்தில் தேடி, ஹோஸ்ட் கீ சோதனையையே அணைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஐயா, செய்யாதீர்கள்! முன்பின் தெரியாத மெஷினில் போய் உட்கார்வதற்குச் சமம் அது. கான்ஃபிக்கில் அந்த ஹோஸ்டுக்கு 'ஹோஸ்ட் கீ அலையஸ்' என்று ஒரு வரி சேர்த்து நிலையான பெயர் வைத்துவிட்டால், ஐபி எத்தனை முறை மாறினாலும் சாவி அந்தப் பெயரில்தான் சரிபார்க்கப்படும்.

ஏடபிள்யூஎஸ்ஸில் இதைவிட ஒழுங்கான வழி செஷன் மேனேஜர், போர்ட்டைத் திறக்காமலே விஎம்முக்குள் நுழைய உதவும் சேவை. விஎம்மில் அதற்கான எஸ்எஸ்எம் ஏஜென்ட் என்ற புரோகிராம் வேண்டும் (அமேசான் லினக்ஸில் ஏற்கெனவே இருக்கும்), விஎம்முக்கு அதற்குரிய ஐஏஎம் ரோல் (அனுமதித் தொகுப்பு) வேண்டும், லேப்டாப்பில் செஷன் மேனேஜர் பிளகின் வேண்டும். பிறகு கான்ஃபிக்கில் ஹோஸ்ட் பெயராக இன்ஸ்டன்ஸ் ஐடியைப் போட்டு, பிராக்ஸி கமாண்டாக (இணைப்பை ஏற்படுத்தித் தரும் கமாண்ட்) ஸ்டார்ட் செஷனைக் கொடுங்கள். ஐடி மாறவே மாறாது. 22-ஆம் போர்ட்டை உலகத்துக்கே திறந்துவைக்க வேண்டாம், ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆகி வீட்டு ஐபி மாறியதற்காக செக்யூரிட்டி குரூப்பை (ஏடபிள்யூஎஸ்ஸின் ஃபயர்வால் விதிகள்) திருத்த வேண்டாம். இந்த வழியை எடிட்டரே முதலில் காட்டியிருக்க வேண்டாமா? ஆவணக் காட்டில் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

ஒரு வழியாக இணைந்துவிட்டோம். டி3 மைக்ரோ என்ற சின்ன ஈசி2 வகை, 1 ஜிபி ராம். விஎஸ் கோட் ஆவணமே 1 ஜிபி குறைந்தபட்சம், 2 ஜிபியும் 2 கோரும் இருந்தால் நல்லது என்கிறது. கோடைச் சரிபார்க்கும் டைப்ஸ்கிரிப்ட் சர்வர் கண் விழித்ததும் ராம் காலி, மெஷின் உறைந்து எஸ்எஸ்எச் கூட பதில் சொல்லாது. 2 ஜிபி ஸ்வாப் ஃபைல் (ராம் போதாதபோது கைகொடுக்கும் டிஸ்க் இடம்) போட்டு, எஃப்எஸ்டேபில் (பூட்டில் எதையெல்லாம் மாட்டுவது என்ற பட்டியல்) எழுதிவையுங்கள், இல்லையென்றால் அடுத்த பூட்டில் காணாமல் போகும். நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரை, ஃபைல் மாற்றங்களைக் கவனிக்கும் வாட்ச்சரிலிருந்து விலக்குங்கள். வாட்ச்சர் வரம்பு தாண்டிவிட்டது என்று வந்தால் லினக்ஸில் அதற்கான ஐநோட்டிஃபை உச்சவரம்பை 524288 ஆக்குங்கள். சிபியு கிரெடிட் (சேர்த்துவைத்துச் செலவழிக்கும் வேக ஒதுக்கீடு) இன்னொரு கூத்து: டி2 இயல்பாக ஸ்டாண்டர்டு, கிரெடிட் தீர்ந்தால் டி2 மைக்ரோ 10 சதவீதத்தில் நொண்டும். டி3 இயல்பாக அன்லிமிடெட், நொண்டாது, பில்லில் சேர்த்துவிடும்.

ஒழுங்காக ஓடிய செட்டப் ஒரு அப்டேட்டில் கவிழ்வதும் உண்டு. எடிட்டரின் பதிப்பும் விஎம்மில் இறங்கும் சர்வரின் பதிப்பும் அச்சு அசலாக ஒன்றாக இருக்க வேண்டும், எனவே லேப்டாப்பில் எடிட்டர் தானாக அப்டேட் ஆனால் அங்கே புது சர்வர் இறங்கும். 2024 தொடக்கத்தில் விஎஸ் கோட் 1.86 பதிப்பு ஜிலிப்சி (லினக்ஸின் அடிப்படை நூலகம்) 2.28 வேண்டும் என்றது. உபுண்டு 18.04-இல் இருப்பது 2.27, அமேசான் லினக்ஸ் 2-இல் 2.26, சென்ட்ஓஎஸ் 7-இல் 2.17. ஒரே நாளில் எல்லாம் வெளியே! கூச்சல் கிளம்பியதும் 1.86.1-இல் பின்வாங்கி அவகாசம் கொடுத்தார்கள், 2025-இல் 1.99 வந்தபோது கதவைச் சாத்திவிட்டார்கள். இன்னும் பழைய ஓஎஸ்ஸில் இருப்பவர்கள் அப்டேட் மோடை மேனுவலுக்கு மாற்றினால் தற்காலிகமாகத் தப்பலாம். அமேசான் லினக்ஸ் 2023-க்கோ உபுண்டு 22.04-க்கோ போவதுதான் தீர்வு.

கடைசியாக, டெலீட். ஈசி2-வில் ரூட் டிஸ்க் இயல்பாக மெஷினோடு அழியும், நீங்கள் தனியாக மாட்டிய டிஸ்க் அழியாது. அஸூரில் உருவாக்கும்போது 'விஎம்மோடு சேர்த்து அழி' என்று சொல்லாவிட்டால் ஓஎஸ் டிஸ்க், நெட்வொர்க் கார்டு, பொது ஐபி எல்லாம் அனாதையாக நிற்கும். எடிட்டர் பட்டியலில் விஎம் மறைந்துவிடும், அதனால் கண்ணுக்கும் தெரியாது. ஏடபிள்யூஎஸ் வால்யூம் பட்டியலில் 'அவைலபிள்' என்று நிற்பவை, அஸூர் டிஸ்க் பட்டியலில் 'அன்அட்டாச்டு' என்று நிற்பவை, யாருக்கும் மாட்டாத பொது ஐபிகள்: இந்த மூன்றையும் ஒவ்வொரு ரீஜனாகப் போய்ப் பார்த்து, நீங்களேதான் பெருக்கித் தள்ள வேண்டும். அதற்கு எடிட்டரில் பட்டன் கிடையாது.