குழிக்குள் கிடப்பவனை விடுங்கள், குழி வெட்டியவனைக் கேளுங்கள்

உலகம் அழிந்த பிறகு மிச்சமிருக்கும் மனிதர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று காட்டும் படம் எது வந்தாலும், அதைப் பற்றிய பேச்சு கடைசியில் ஒரே இடத்தில்தான் போய் நிற்கிறது. "பசின்னு வந்துட்டா மனுஷன் மிருகம்தான், அதைத்தான் டைரக்டர் சொல்றாரு." கூடவே, பசி வந்தால் பத்தும் பறந்து போகும் என்ற பழமொழியும் வந்துவிடும். எனக்கு இதில் துளிகூட உடன்பாடு இல்லை. இந்த வகைப் படங்களில் நல்லவையாக இருப்பவை அப்படிச் சொல்வதே இல்லை. யாரோ உட்கார்ந்து யோசித்து எழுதிய விதிகளைத்தான் அவை காட்டுகின்றன. நாம்தான் விதியை விட்டுவிட்டு, அதில் மாட்டிக்கொண்டவனின் குணத்தை ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கிறோம்.

கதைகளை முடிவு வரை சொல்லித்தான் பேசப் போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

2019இல் வந்த ஸ்பானியப் படம் ‘தி பிளாட்ஃபார்ம்’. மாடி மாடியாகக் கீழே போய்க்கொண்டே இருக்கும் ஒரு சிறை. மாடிக்கு இரண்டு பேர். தரையின் நடுவில் பெரிய ஓட்டை. உச்சியிலிருந்து தினமும் ஒரு முறை, விருந்துச் சாப்பாடு நிறைந்த மேடை ஒன்று அந்த ஓட்டை வழியாக இறங்கும். ஒவ்வொரு மாடியிலும் கொஞ்ச நேரம் நிற்கும். மேலே இருப்பவர்கள் தின்றது போக மிச்சம் கீழே. கீழே போகப் போக வெறும் தட்டு. மாதம் ஒரு முறை எல்லோரையும் மயக்கத்தில் ஆழ்த்தி வேறு வேறு மாடிகளில் போட்டுவிடுவார்கள். 48ஆவது மாடியில் தொடங்கும் கதாநாயகன் 171ஆவது மாடியில் கண் விழிக்கிறான், அப்புறம் 33, 202 என்று போய், 6ஆவது மாடிக்கும் வந்து சேர்கிறான்.

48ஆவது மாடியில் அவனுடன் இருக்கும் கிழவர் சொல்லும் பாடம் இது: கீழே இருப்பவர்களிடம் பேசாதே, ஏனென்றால் அவர்கள் கீழே இருக்கிறார்கள். மேலே இருப்பவர்கள் உனக்குப் பதில் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் அவர்கள் மேலே இருக்கிறார்கள். போன மாதம் யார் எங்கே இருந்தார்கள், அடுத்த மாதம் எங்கே இருப்பார்கள் என்பதெல்லாம் அந்தப் பேச்சில் கணக்கிலேயே வராது.

அப்புறம் ஒரு பெண் வருகிறாள். அந்தச் சிறை நிர்வாகத்திலேயே வேலை பார்த்தவள். அவரவர் தேவைக்கு மட்டும் சாப்பிட்டால் கீழ் மாடி வரைக்கும் சாப்பாடு போகும் என்று நம்புகிறவள். தனக்குக் கீழே இருக்கும் இருவருக்கும் தினமும் இரண்டு பங்கு எடுத்து வைத்து, இதை மட்டும் சாப்பிடுங்கள், உங்களுக்குக் கீழே இருப்பவர்களுக்கும் இப்படியே எடுத்து வையுங்கள் என்று கெஞ்சுகிறாள். நாள் கணக்கில் கெஞ்சுகிறாள். அவர்கள் காதில் போட்டுக்கொள்வதே இல்லை. கடைசியில் கதாநாயகன், சொன்னபடி கேட்காவிட்டால் சாப்பாட்டின் மேல் மலம் கழித்து அனுப்புவேன் என்கிறான். உடனே கேட்கிறார்கள்.

இந்தக் காட்சியைப் பார்த்துவிட்டுத்தான் பலரும், மனிதன் அடி உதைக்கும் அசிங்கத்துக்கும்தான் பணிவான், நல்ல வார்த்தைக்குப் பணிய மாட்டான் என்கிறார்கள். ஆனால் படம் அதற்கு முன்பே காட்டிவிட்ட விதிகளைக் கொஞ்சம் பாருங்கள். சாப்பாட்டில் ஒரு பழத்தைக்கூட நாளைக்கு என்று எடுத்து வைக்க முடியாது. வைத்தால் அறை தீயாகச் சுடும், இல்லையென்றால் உறைய வைக்கும். அதைத் தூக்கி எறிந்தாக வேண்டும், அல்லது சாக வேண்டும். பக்கத்து மாடியைத் தாண்டி யாரோடும் பேச வழியில்லை. ஒருவருக்கொருவர் பழகி, கொஞ்சம் நம்பிக்கை வருவதற்குள் ஒரு மாதம் முடிந்து ஆளைத் தூக்கி எங்கேயோ போட்டுவிடுகிறார்கள். மனிதன் இயல்பிலேயே மிருகம் என்றால் இத்தனை விதிகள் எதற்கு? சும்மா விட்டாலே அடித்துக்கொண்டு செத்திருப்பார்களே. சேமிக்கக் கூடாது, பேசக் கூடாது, ஒரே இடத்தில் தங்கக் கூடாது என்று மூன்று பக்கமும் பூட்டு போட வேண்டியிருக்கிறது என்றால், பூட்டில்லாவிட்டால் அவர்கள் பகிர்ந்துகொண்டுவிடுவார்கள் என்ற பயம் யாருக்கோ இருக்கிறது.

உச்சியில் இருக்கும் சமையலறையைப் படம் காட்டும் விதமும் எனக்கு மறக்காது. பனகோட்டா என்ற இனிப்பில் ஒரு முடி கிடந்ததற்காகத் தலைமைச் சமையல்காரர் அத்தனை பேரையும் வரிசையில் நிற்க வைத்துத் திட்டுகிறார். அவ்வளவு சுத்தம், அவ்வளவு அக்கறை, அவ்வளவு தொழில் நேர்மை. அந்தத் தட்டு எத்தனை மாடிக்குப் போகும் என்று மட்டும் அங்கே யாரும் கேட்பதில்லை.

பசி மனிதனை மிருகமாக்கும் என்பதற்கு இன்னொரு சாட்சியாகக் காட்டப்படும் படம், கொரிய இயக்குநர் பாங் ஜூன்-ஹோவின் ‘ஸ்னோபியர்சர்’ (2013). புவி வெப்பத்தைக் குறைக்கிறேன் என்று வானத்தில் எதையோ தெளித்து உலகமே உறைந்துவிட, மிச்சமிருக்கும் மனிதர்கள் நிற்காமல் ஓடும் ஒரே ரயிலில் இருக்கிறார்கள். வால் பெட்டியில் ஏழைகள், முன்பெட்டிகளில் பணக்காரர்கள். கடைசிப் பகுதியில், வால் பெட்டிக் கதாநாயகனாக வரும் கிரிஸ் எவன்ஸ் அழுதுகொண்டே ஒரு உண்மையைச் சொல்வார். ரயில் கிளம்பிய முதல் மாதம் வால் பெட்டியில் சோறு தண்ணீர் எதுவும் இல்லை. ஒரு மாதம் ஆனதும் பலசாலிகள் பலவீனமானவர்களைத் தின்றார்கள். குழந்தைகளின் கறிதான் ருசி என்று எனக்குத் தெரியும் என்பார். பார்த்தவர்கள் எல்லோருக்கும் இந்த வரி மனதில் தங்கிவிட்டது.

அதே பேச்சில் அடுத்து வருவது ஏனோ யாருக்கும் தங்கவில்லை. அவன் ஒரு கைக்குழந்தைக்காகக் கத்தியோடு நிற்கும்போது, ஒரு பெரியவர் அந்தக் கத்தியை வாங்கித் தன் கையைத் தானே வெட்டிக் கொடுக்கிறார், இதைத் தின்னுங்கள் என்று. அதைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராகத் தங்கள் கையையும் காலையும் கொடுக்கிறார்கள். அதே பெட்டி, அதே பசி, அதே மனிதர்கள். பத்தும் பறந்து போன இடத்தில் பதினொன்றாவதாக ஒன்று வந்து நிற்கிறது. படம் முழுக்க வால் பெட்டியில் கையில்லாதவர்களும் காலில்லாதவர்களும் நடமாடுவது ஏன் என்று நமக்கு அப்போதுதான் உறைக்கும்.

அந்தக் காலம் முழுக்க முன்பெட்டிகளில் என்ன நடந்தது? சாப்பாடு இருந்தது. ரயிலின் சொந்தக்காரரிடம் எல்லாமே இருந்தது. கொடுக்கவில்லை, அவ்வளவுதான். பிற்பாடு பூச்சிகளை அரைத்துச் செய்த கறுப்புக் கட்டிகளைக் கொடுக்க முடிந்தவர்களால் முதல் நாளே கொடுத்திருக்க முடியாதா? குழந்தையைத் தின்றவன் 17 வருடம் கழித்தும் குற்ற உணர்ச்சியில் வெந்துகொண்டிருக்கிறான். பட்டினி போட்டவரோ எஞ்சின் அறையில் நிம்மதியாகக் கறி வறுத்துச் சாப்பிடுகிறார். இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டும் படத்தைப் பார்த்துவிட்டு, மனுஷன் மிருகம் என்று ஒரு வரியில் முடித்துவிடுவது எனக்கு வலிக்கிறது.

சமநிலை என்று ஒரு சொல் அந்தப் படத்தில் திரும்பத் திரும்ப வரும். ரயில் ஒரு மூடிய உலகம், ஆள் தொகை அளவோடு இருக்க வேண்டும், அதனால் வால் பெட்டியில் 74 சதவீதம் பேர் சாக வேண்டும் என்கிறார்கள். ஆனால் அதே ரயிலில் நீராவிக் குளியலுக்கு ஒரு பெட்டி, குடித்து ஆட ஒரு பெட்டி, முடி அலங்காரத்துக்கு ஓர் இடம். இடப் பற்றாக்குறை என்று சொன்ன ரயிலில்தான் இதெல்லாம் இருக்கிறது. மஞ்சள் கோட்டு போட்ட ஒரு பெண் அளவு நாடாவோடு வந்து வால் பெட்டிக் குழந்தைகளின் உயரத்தை அளப்பாள், சட்டை தைக்க வந்தவள் மாதிரி. எஞ்சினின் ஒரு பாகம் தேய்ந்துபோய், மாற்றுப் பாகமும் இல்லாததால், அந்த இடுக்கில் நுழைந்து கையால் வேலை செய்யச் சிறு குழந்தை வேண்டும். அதற்குத்தான் அந்த அளவு. தடுத்துச் செருப்பை எறிந்த அப்பாவின் கையை ரயிலுக்கு வெளியே நீட்ட வைத்து 7 நிமிடம் உறைய வைக்கிறார்கள். நேரம் சரியாக இருக்க வேண்டும் என்று கடிகாரம் பார்த்துச் செய்கிறார்கள்.

வள்ளுவர் இந்த விஷயத்தில் நமக்கெல்லாம் முன்னால் போய்விட்டார். பிச்சை எடுத்துத்தான் உயிர் வாழ வேண்டும் என்று ஒரு நிலை இருந்தால், பிச்சை எடுப்பவனை அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இந்த உலகத்தை அப்படி அமைத்தவன் கெட்டு அலையட்டும் என்றார்.

சரி, இதெல்லாம் சினிமா, நிஜத்தில் மனிதன் எப்படி என்று கேட்பவர்களுக்கு டோங்கா நாட்டுச் சிறுவர்களின் கதையைச் சொல்ல வேண்டும். 1965இல் பள்ளியிலிருந்து ஓடிப்போன ஆறு பையன்கள், எடுத்துக்கொண்டு போன படகு புயலில் சிக்கி, ஆட்டா என்ற ஆளில்லாத தீவில் ஒதுங்கினார்கள். அடுத்த ஆண்டு ஒரு மீன்பிடிப் படகு அவர்களைக் கண்டுபிடிக்கும்வரை ஒரு வருடத்துக்கும் மேல் அங்கேயே இருந்தார்கள். வேலையை முறை வைத்துப் பிரித்துக்கொண்டார்கள். தீயை அணைய விடாமல் காத்தார்கள். ஒருவன் விழுந்து கால் முறிந்தபோது மற்றவர்கள் கட்டுப் போட்டு, அவன் வேலையையும் சேர்த்துப் பார்த்தார்கள். ஆறு பேரும் உயிரோடு திரும்பினார்கள். அந்தத் தீவில் மாடியும் இல்லை, பெட்டியும் இல்லை.

பற்றாக்குறை என்ற சொல்லையே நான் சந்தேகத்தோடு பார்ப்பதற்குப் பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் ஒரு காரணம். 1943 வங்கப் பஞ்சத்தில் செத்தவர்கள் லட்சக்கணக்கில். அந்த ஆண்டு இருந்த உணவு, பஞ்சமே இல்லாத 1941ஐ விடக் குறைவில்லை என்று அவர் 1981இல் எழுதிய நூலில் கணக்குப் போட்டுக் காட்டினார். அரிசி இருந்தது, வாங்கும் சக்திதான் கூலிக்காரர்களிடம் இல்லை. ‘எலிசியம்’ (2013) படத்தின் முடிவு இதையேதான் சொல்கிறது. எந்த நோயையும் குணமாக்கும் படுக்கைகள் விண்வெளியில் இருக்கும் பணக்காரர் காலனியில் மட்டும் இருக்கின்றன. பூமியில் ஜனங்கள் சாகிறார்கள். கடைசியில் கணினியில் பூமிவாசிகள் எல்லோரும் குடிமக்கள் என்று ஒரே ஒரு பதிவு மாறியதும், மருத்துவக் கப்பல்கள் தானாகவே பூமிக்குக் கிளம்புகின்றன. புதிதாக ஒன்றையும் செய்யவில்லை. கப்பல்கள் அத்தனை காலமும் அங்கேதான் நின்றிருந்தன.

யார் பட்டியலில் இருக்கிறார்கள் என்பதுதான் எப்போதும் கேள்வி. ‘2012’ என்ற படத்தில் உலகம் அழியும்போது தப்பிக்கும் பேழைகளில் ஒரு இடம் 100 கோடி யூரோ. பேழையைக் கட்டிய தொழிலாளிகளுக்கு இடமில்லை. கற்பனை என்று ஒதுக்கிவிட முடியவில்லை. 1912இல் டைட்டானிக் மூழ்கியபோது முதல் வகுப்புப் பெண்களில் நூற்றுக்கு 97 பேர் பிழைத்தார்கள், மூன்றாம் வகுப்புப் பெண்களில் 46 பேர். பெண்களும் குழந்தைகளும் முதலில் என்ற விதி எல்லோருக்கும் பொதுவானதுதான். ஆனால் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீரில் போனது.

கூட இருப்பவர்களே கதவை அடைப்பதும் உண்டு, அதை மறைக்க நான் விரும்பவில்லை. ‘டிரெயின் டு பூசான்’ (2016) படத்தில் பெட்டிக்குள் பத்திரமாக இருப்பவர்கள், ஜாம்பிகளிடமிருந்து தப்பித்து ஓடி வருகிறவர்களை உள்ளே விடாமல் தடுக்கிறார்கள். ஆனால் தூண்டிவிடுவது யார் என்று பாருங்கள், கோட்டு சூட்டு போட்ட ஒரு கம்பெனி அதிகாரி. படத்தின் தொடக்கத்தில், ரயிலில் ஒளிந்து ஏறிய வீடற்ற ஒருவனைக் காட்டி, ஒழுங்காகப் படிக்காவிட்டால் நீயும் இவனைப் போல ஆகிவிடுவாய் என்று ஒரு சிறுமியிடம் சொல்கிறவரும் அவர்தான். அப்படிச் சொல்கிறவர்கள் கெட்டவர்கள் என்று அம்மா சொல்லியிருக்கிறார் என்று அந்தப் பெண் பட்டென்று சொல்லிவிடுவாள். பிற்பாடு மற்றவர்களுக்காக உயிரைக் கொடுப்பது அந்த வீடற்றவன்.

இந்தப் படங்களிடமும் எனக்குக் குறை உண்டு. பெரும்பாலானவற்றில் ஒரு கதாநாயகன் கிளம்பி, அடித்து, செத்து, எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறான். 1927இலேயே ‘மெட்ரோபோலிஸ்’ நிலத்துக்கு அடியில் நசுங்கும் தொழிலாளிகளை அவ்வளவு உக்கிரமாகக் காட்டிவிட்டு, கடைசியில் முதலாளியும் மேஸ்திரியும் கைகுலுக்கினால் போதும் என்று முடித்துக்கொண்டது. அந்த முடிவு இயக்குநர் ஃப்ரிட்ஸ் லாங்குக்கே பின்னாளில் பிடிக்கவில்லை. விதியை மாற்றாமல் ஆட்களைச் சமாதானப்படுத்துவது எப்போதுமே சுலபமான முடிவு.

‘இன் டைம்’ (2011) சினிமாவாக அப்படி ஒன்றும் பிரமாதமில்லை, ஆனால் அதில் ஒரு காட்சிக்காக அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அந்த உலகத்தில் காசுக்குப் பதில் ஆயுள்தான் செலாவணி. கையில் நேரம் ஓடிக்கொண்டிருக்கும், பூஜ்யம் ஆனால் உயிர் போய்விடும். ஒரு அம்மா கடனைக் கட்டிவிட்டு, கையில் ஒன்றரை மணி நேரத்தோடு பஸ் ஏறுகிறாள். கட்டணம் ஒரு மணி நேரமாக இருந்தது, இன்று இரண்டு மணி நேரம் என்கிறார் ஓட்டுநர். பஸ் போய்விடுகிறது. நடந்து போகும் தூரம் இரண்டு மணி நேரம். ஓடுகிறாள். எதிரிலிருந்து மகனும் ஓடி வருகிறான். அவன் கையில் வந்து விழும் நொடியில் அவள் நேரம் முடிகிறது.

அவளைக் கொன்றது ஒரு கட்டண உயர்வு. கத்தி இல்லை, வில்லன் இல்லை. ஓட்டுநர்மேல் கோபம் வருகிறது, ஆனால் அவரும் மணிக்கணக்கில் பிழைப்பவர்தான். சிலர் சாகாமல் வாழ வேண்டுமானால் பலர் செத்தாக வேண்டும், அதனால்தான் விலைவாசி ஏறிக்கொண்டே போகிறது என்று படமே வாய்விட்டுச் சொல்கிறது.

எனக்கு இனிமேல் பார்க்க வேண்டியிருப்பது அந்தக் கட்டணத்தை உயர்த்திய கூட்டத்தைத்தான். ஒன்றிலிருந்து இரண்டு ஆக்கலாம் என்று முதலில் சொன்னது யார், ஒன்றரை போதுமே என்று யாராவது வாயைத் திறந்தார்களா, திறந்தவரை என்ன சொல்லி உட்கார வைத்தார்கள், கடைசியில் கையெழுத்து யாருடையது. அந்த அம்மா ஓடும் ஓட்டத்தைக் காட்டியது போதும். அந்த அறைக்குள் இரண்டு மணி நேரம் கேமராவை வைக்கும் ஒரு படத்தை யாராவது எடுங்களேன்.