பிராட்ஸ்கியின் கல்லறை எந்தத் தீவில்?

வசீலியெவ்ஸ்கி தீவுக்கே சாக வருவேன் என்று இளவயதில் கவிதை எழுதிய ரஷ்யக் கவிஞர் ஜோசப் பிராட்ஸ்கி, சொன்னபடியே பீட்டர்ஸ்பர்க்கின் அந்தத் தீவில் அடக்கமானார் என்று இங்கே ஒரு நண்பர் குறிப்பிட்டிருக்கிறார். அந்தத் தகவல் சரியல்ல. 1972இல் சோவியத் ஒன்றியத்திலிருந்து வெளியேற்றப்பட்ட பிராட்ஸ்கி, ஒருநாளும் ஊர் திரும்பவில்லை. 1996 ஜனவரியில் நியூயார்க்கில் இறந்தார். அடுத்த ஆண்டு வெனிஸின் சான் மிக்கேலே கல்லறைத் தீவில் அடக்கம் செய்யப்பட்டார். பிறந்த ஊருக்கும் தனக்கும் இடையே விழுந்த அந்தத் தொலைவுதான் அவருடைய பிற்காலக் கவிதைகளுக்கு உயிர்நாடி என்பது என் எண்ணம். அதனால்தான் இந்தப் பிழையைக் கண்டும் காணாமல் போக மனம் வரவில்லை.

சரிபார்ப்பது எளிது. சான் மிக்கேலேயின் புராட்டஸ்டண்ட் பகுதியில் உள்ள அவரது கல்லறையின் படங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. கல்லில் அவர் பெயர் ரஷ்ய எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் பொறிக்கப்பட்டிருப்பதைப் பார்க்கலாம்.