கல்லடியில் பிடிபடும் திருக்கையும் கலாபகசின் ஸ்கேட்டும் ஒன்றல்ல

பசிபிக் பெருங்கடலிலுள்ள கலாபகசுத் தீவுகளை ஒட்டிய கடலடியில் கொதிநீரில் முட்டையிட்டு விரைவாகப் பெருகும் திருக்கையே மட்டக்களப்பின் கல்லடியிலும் பிடிபடுகிறது, எனவே எவ்வளவு பிடித்தாலும் அது குறையாது என்று ஒரு கருத்து சொல்லப்படுகிறது. இதில் உண்மையும் பிழையும் கலந்துள்ளன.

நமது மீனவர்களின் வலையில் படும், வாலில் நச்சு முள் கொண்ட திருக்கைகள் முட்டையிடுவதில்லை. அவை குட்டி ஈனுகின்றன. கலாபகசில் முட்டையிடுவதோ பசிபிக் வெள்ளை ஸ்கேட் என்ற, திருக்கையைப் போலத் தட்டையான உடல் கொண்ட வேறொரு மீன். அதன் உடலில் முட்கள் நிறைய இருந்தாலும் கொட்டும் நச்சு முள் இல்லை; நான்கு மூலைகளிலும் கொம்பு நீண்ட, தோல் போன்ற உறைக்குள் அது முட்டையிடுகிறது. கிழக்குப் பசிபிக்கின் ஆழ்நீரில் வாழும் அந்த மீனைக் கல்லடியில் தேடுவது வீண்.

கொதிநீர் என்பதும் மிகை. 2015இல் சுமார் 1,660 மீற்றர் ஆழத்தில், வெந்நீர் ஊற்றுகளின் அருகே, 157 முட்டை உறைகளை ஆய்வாளர்கள் கண்டனர். ஊற்றின் வாயில் நீர் கடும் வெப்பமாக இருந்தாலும் சுற்றியுள்ள குளிர்நீருடன் உடனே கலந்துவிடுவதால், உறைகளில் பெரும்பாலானவை கிடந்த இடங்களில் நீர் வழமையைவிடச் சற்றே வெதுவெதுப்பாக இருந்தது, அவ்வளவுதான். அந்தச் சிறு வெப்பம் கருவின் வளர்ச்சியை விரைவுபடுத்தக்கூடும் என்பது ஆய்வாளர்களின் கருத்து; 2018இல் வெளியான அவர்களின் கட்டுரையும் இதை உறுதியான முடிவாக அல்ல, விளக்கமாகவே முன்வைத்தது.

"விரைவாக" என்பதையும் அளவோடு கொள்ள வேண்டும். இதன் உறவினமான அலாஸ்கா ஸ்கேட்டின் முட்டை, அலாஸ்காவை ஒட்டிய பெரிங் கடலின் குளிரில் பொரிப்பதற்கு மூன்றரை ஆண்டுகளுக்கும் மேலாகிறது. இவ்வளவு மெதுவாக இனம் பெருக்கும் ஆழ்கடல் மீனை, பிடித்தாலும் குறையாததற்கு உதாரணமாகக் காட்டுவது தலைகீழான வாதம்.