மூன்றாவதாக வந்தவனுக்கு எதுக்குய்யா கப்பு?

2025 டிசம்பர் 7, அபுதாபி. ஃபார்முலா 1 சீசனின் கடைசிப் பந்தயம். முதலில் வந்தவர் மேக்ஸ் வெர்ஸ்டாப்பன், இரண்டாவது ஆஸ்கர் பியாஸ்ட்ரி. உலக சாம்பியன் ஆனதோ மூன்றாவதாக வந்த லாண்டோ நாரிஸ். அன்று ராத்திரி எங்கள் வாட்ஸப் குழுவில் ஒரு நண்பர் கேட்டார்: "மூணாவதா வந்தவனுக்கு எதுக்குய்யா கப்பு? ஜெயிச்சவன் பக்கத்துலயே நிக்கிறானே!"

குழுவில் பதில் எழுதினால் 'டைப்பிங்' என்று காட்டிக்கொண்டே விடிந்துவிடும். அதனால் இங்கே எழுதுகிறேன். நீளமாகத்தான் போகும்.

முதலில் கணக்கு. ஒரு பந்தயம் இல்லை, சீசன் முழுக்கச் சேரும் புள்ளிதான் பட்டத்தைத் தீர்மானிக்கும். அபுதாபிக்கு வரும்போது நாரிஸ் 408 புள்ளி, வெர்ஸ்டாப்பன் 396, பியாஸ்ட்ரி 392. முதலிடத்துக்கு 25, இரண்டாமிடத்துக்கு 18, மூன்றாமிடத்துக்கு 15, நான்காமிடத்துக்கு 12. வெர்ஸ்டாப்பன் ஜெயித்து 421-இல் போய் நின்றுவிட்டார். நாரிஸ் மூன்றாவது வந்தால் 423, நான்காவது வந்தால் 420. பின்னால் ஃபெராரியில் சார்ல் லெக்லேர் துரத்துகிறார். நடுவில் வெர்ஸ்டாப்பனின் சக ஓட்டுநர் யூகி சுனோடா நாரிஸை மறித்து வண்டியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டுகிறார், அதற்கு ஐந்து விநாடி தண்டனையும் வாங்குகிறார். அன்றைக்கு அந்தத் தடத்தில் முதலிடத்தை விடக் கனமாக இருந்தது மூன்றாமிடம். வெர்ஸ்டாப்பனுக்கு முன்னால் காலி ரோடு. நாரிஸுக்கோ ஒரு முறை வழுக்கினாலும் வருஷமே போச்சு.

அந்த சீசனில் அதிகம் ஜெயித்தவரும் வெர்ஸ்டாப்பன்தான், 8 பந்தயம். நாரிஸுக்கு 7. ஆகவே நண்பரின் கேள்வி முட்டாள்தனமானது இல்லை. முதல் ரேங்க் வாங்காத பிள்ளையை "ஏன் ரெண்டு மார்க் குறைஞ்சுது" என்று கேட்டே வளர்த்த ஊர் நம்முடையது. இரண்டாமிடம் என்றாலே நமக்குத் தோல்வியின் இன்னொரு பெயர். ஆனால் இதே கேள்வியைக் கார் பந்தயத்தை நடத்துகிறவர்களும் பல காலம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். ஒரு முறை அதற்கு அவர்கள் கண்டுபிடித்த பதிலால் ஒருவரின் பட்டமே கைமாறியது.

1988. மெக்லாரன் அணியில் இரண்டு பேர், அலன் ப்ரோஸ்ட்டும் அயர்ட்டன் சென்னாவும். மொத்தம் 16 பந்தயத்தில் 15-ஐ அந்த அணியே அள்ளியது. சென்னாவுக்கு 8 வெற்றி, ப்ரோஸ்ட்டுக்கு 7. ப்ரோஸ்ட் அந்த வருஷம் 14 பந்தயத்தை முடித்தார். அந்த 14-இலும் ஒன்று முதலிடம், இல்லையென்றால் இரண்டாமிடம். ஏழு வெற்றி, ஏழு இரண்டாமிடம். மூன்றாவதாகக்கூட ஒரு தடவை வரவில்லை. அன்று வெற்றிக்கு 9, இரண்டாமிடத்துக்கு 6. கூட்டிப் பாருங்கள்: ப்ரோஸ்ட் 105, சென்னா 94. சாம்பியன் யார்? சென்னா.

காரணம், அன்றைய விதிப்படி ஒருவரின் சிறந்த 11 முடிவுகளைத்தான் எண்ணுவார்கள். வண்டிகள் பாதியில் புகைந்து நின்றுபோன காலம். நாலைந்து பந்தயம் வீணானாலும் ஆள் போட்டியில் இருக்க வேண்டும், ஓட்டுநர்களும் பத்திரமாக இரண்டாமிடம் எடுப்பதை விட்டுவிட்டு ஜெயிக்கப் பாய வேண்டும் என்பது விதி போட்டவர்களின் எண்ணம். ப்ரோஸ்ட்டின் மூன்று இரண்டாமிடங்கள், அதாவது 18 புள்ளி, கழிக்கப்பட்டு 87 ஆனது. சென்னாவுக்கு ஒரு நான்காமிடமும் ஒரு ஆறாமிடமும் மட்டும் உதிர்ந்து 90 ஆனது. 1991-இலிருந்து எல்லா முடிவும் கணக்கில் சேரும் என்று மாற்றிவிட்டார்கள்.

நான் ப்ரோஸ்ட் கட்சி, மறைக்கவில்லை. சென்னா மழையில் ஓட்டியதைப் பார்த்தால் எனக்கும் மயிர்க்கூச்செறியும். ஆனால் வாரம் தவறாமல் முதல் இரண்டு இடத்துக்குள் வண்டியைக் கொண்டுவந்து சேர்ப்பது வேறொரு வித்தை. எங்கே டயரைக் காப்பாற்றுவது, எந்த வளைவில் மோதலைத் தவிர்ப்பது, எப்போது 'இன்றைக்கு இவனை முந்த முடியாது' என்று ஒத்துக்கொள்வது என்பதெல்லாம் அதில் அடங்கும். டிவியில் அது தெரியாது. ஸ்டீயரிங்கைப் பதற்றமில்லாமல் திருப்பிக்கொண்டு போகும் மனுஷனை எந்த கேமரா கொண்டாடும்?

பட்டங்கள் பல நேரம் இப்படித்தான் வந்திருக்கின்றன. 2016-இல் நிகோ ரோஸ்பெர்க் கடைசி நான்கு பந்தயத்திலும் இரண்டாமிடம். நான்கையும் ஜெயித்தது அவருடைய அணியிலேயே இருந்த லூயிஸ் ஹாமில்டன். அபுதாபியில் ஹாமில்டன் வேண்டுமென்றே மெதுவாக ஓட்டி, பின்னால் வருகிறவர்கள் ரோஸ்பெர்க்கைப் பிடித்துவிட வழிபண்ணினார். முடிவில் 385-க்கு 380, பட்டம் ரோஸ்பெர்க்குக்கு. ஐந்தே நாளில் ஓய்வையும் அறிவித்தார். ஒரே காரை ஓட்டும் எதிரியை விடக் கொடுமையான எதிரி கிடையாது. மற்றவனிடம் தோற்றால் காரைக் குறை சொல்லலாம், இவனிடம் தோற்றால் வாயே திறக்க முடியாது.

போட்டி என்றதும் நம் ஆட்கள் உடனே எடுப்பது 1989, 1990-இல் ஜப்பானின் சுசுகா தடத்தில் நடந்ததை. ஒரு வருஷம் சிக்கேன் என்னும் இரட்டை வளைவில் சென்னாவும் ப்ரோஸ்ட்டும் மோதி, சென்னா தகுதிநீக்கம் ஆகி, ப்ரோஸ்ட் சாம்பியன். அடுத்த வருஷம் முதல் வளைவிலேயே சென்னா நேராகப் போய் இடித்து, அவர் சாம்பியன். அந்த வீடியோ எல்லார் போனிலும் ஓடியிருக்கும். எனக்கு அதை விடப் பிடித்தது 1993 நவம்பரில் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் நடந்தது. ப்ரோஸ்ட்டின் கடைசிப் பந்தயம். ஜெயித்தது சென்னா, இரண்டாவது ப்ரோஸ்ட். முதல் மூன்று பேர் ஏறி நிற்கும் போடியத்தில் சென்னா கையை நீட்டி ப்ரோஸ்ட்டைத் தன் படிக்கு இழுத்து ஏற்றிக்கொண்டார். சென்னாவுக்கும் அதுதான் கடைசி வெற்றி என்று அன்று யாருக்குத் தெரியும்? அடுத்த மே மாதம் இத்தாலியின் இமோலாவில், பிரெஞ்சு டிவிக்காகத் தடத்தைச் சுற்றிக் காட்டும்போது, வர்ணனையாளராகிவிட்ட ப்ரோஸ்ட்டுக்கு ரேடியோவில் வணக்கம் சொல்லி, நீ இல்லாதது குறையாக இருக்கிறது என்றார் சென்னா. அந்த வாரக்கடைசியே அவர் இறந்தார். சாவ் பாவ்லோவில் சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் ப்ரோஸ்ட்டும் ஒருவர்.

இன்னும் பின்னால் போனால் 1958. போர்ச்சுகலின் போர்ட்டோ நகரத் தெருக்களில் பந்தயம். ஸ்டர்லிங் மாஸ் முதலிடம், மைக் ஹாத்தார்ன் இரண்டாவது. கடைசியில் ஹாத்தார்னின் ஃபெராரி சுழன்று நின்றுவிட, அவர் அதை எதிர்த்திசையில் உருட்டிக் கிளப்பினார் என்று அதிகாரிகள் தகுதிநீக்கம் செய்யப் பார்த்தார்கள். ஹாத்தார்னுக்காகச் சாட்சி சொல்லப் போனது யார் தெரியுமா? மாஸேதான்! அவர் உருட்டியது தடத்தில் இல்லை, நடைபாதையில் என்று வாதாடினார். அதிகாரிகள் ஏற்றுக்கொண்டார்கள். இரண்டாமிடத்துக்கு 6, வேகமான சுற்றுக்கு 1, ஆக 7 புள்ளி ஹாத்தார்னிடம் நின்றது. சீசன் முடிவில் ஹாத்தார்ன் 42, மாஸ் 41. நாலு பந்தயம் ஜெயித்த மாஸுக்குப் பட்டம் இல்லை. ஒன்றே ஒன்று ஜெயித்து, ஐந்து தடவை இரண்டாவதாக வந்த ஹாத்தார்ன் சாம்பியன். மாஸ் கடைசிவரை உலக சாம்பியன் ஆகவே இல்லை. அவர் வாயை மூடிக்கொண்டிருந்தாலே போதும், பட்டம் வீட்டுக்கு வந்திருக்கும். இன்றைக்கு ரேடியோவில் "அவன் கோட்டைத் தாண்டிட்டான், தண்டனை குடுங்க" என்று மூன்றாம் சுற்றிலேயே அழுகிற ஓட்டுநர்களைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மாஸ் ஞாபகம் வரும்.

போடியத்தின் மானத்தை வாங்கியதும் உண்டு. 2002 ஆஸ்திரியா. பந்தயம் முழுக்க முன்னால் ஓடிய ரூபென்ஸ் பாரிச்செல்லோவைக் கடைசிக் கோட்டுக்குச் சற்று முன்னால் வேகம் குறைக்கச் சொல்லி, மைக்கேல் ஷூமேக்கரை ஜெயிக்க வைத்தது ஃபெராரி. சீசன் பாதிகூட ஆகவில்லை, ஷூமேக்கர் வெகுதூரம் முன்னால் இருந்தார், அந்தப் புள்ளி அவருக்குத் தேவையும் இல்லை. கூட்டம் ஊளையிட்டது. சங்கடத்தில் ஷூமேக்கர் பாரிச்செல்லோவை முதல் படியில் ஏற்றிவிட்டுத் தான் கீழே நின்றார். அதிகாரிகள் பத்து லட்சம் டாலர் அபராதம் போட்டார்கள். எதற்கு? அணி உத்தரவுக்கு அன்று தடை இல்லை. போடியம் சடங்கின் முறையை மீறியதற்கு! யார் எந்தப் படியில் நிற்பது என்பதை அவ்வளவு கறாராக வைத்திருக்கிறார்கள். அடிலெய்டிலும் ஆஸ்திரியாவிலும் நடந்தது ஒரே செயல்தான், தோற்றவனை மேலே ஏற்றினார்கள். ஒன்றில் கண் கலங்குகிறது, மற்றதில் கூசுகிறது. முதலாவதில் பந்தயம் உண்மையாக நடந்து முடிந்திருந்தது.

உண்மையாக நடந்த மூன்றாமிடத்துக்கு சமீபத்து உதாரணம் வேண்டுமென்றால் நிகோ ஹல்கன்பர்க். 2010-இல் வந்தவர். முதல் வருஷமே பிரேசிலில் போல் பொசிஷன், அதாவது முதல் ஆளாகக் கிளம்பும் இடம். நடுவில் 2015-இல் போர்ஷேக்காக லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தையே ஜெயித்துவிட்டு வந்தார். ஃபார்முலா 1-இல் மட்டும் போடியம் கிடைக்கவே இல்லை. ஒரு தடவை மழை, ஒரு தடவை மோதல், ஒரு தடவை டயர் மாற்றும் இடமான பிட்டில் கோளாறு. மீம் போடுகிறவர்களுக்குக் கொண்டாட்டம். 2025 ஜூலையில் இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனில், அவருடைய 239-ஆவது பந்தயத்தில், 19-ஆவது இடத்திலிருந்து கிளம்பி, மழையில் சரியான சுற்றில் சரியான டயருக்கு மாறி மாறி, சாபர் காரை மூன்றாவதாகக் கொண்டுவந்தார். கடைசிக் கட்டத்தில் பின்னால் துரத்தியது ஃபெராரியில் ஹாமில்டன், அதுவும் அவருடைய சொந்த மண்ணில். ஹாமில்டன் முன்கூட்டியே காய்ந்த தடத்துக்கான டயருக்கு மாற, ஹல்கன்பர்க் ஒரு சுற்று பொறுத்து மாறினார். இடைவெளி கூடியது, இடம் கையை விட்டுப் போகவில்லை. சாபருக்கு 2012 சுசுகாவுக்குப் பிறகு அதுதான் முதல் போடியம். அன்றைக்கு ஜெயித்த நாரிஸை விட ஹல்கன்பர்க்கைக் கட்டிப்பிடிக்கத்தான் மற்ற ஓட்டுநர்கள் வரிசையில் நின்றார்கள். கோப்பையை லெகோ பொம்மைத் துண்டுகளில் செய்திருந்தார்கள் என்பது தனிக் கூத்து.

நம்ம ஊர் சங்கதிக்கு வருகிறேன். கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஜோர்டான் அணியில் ஃபார்முலா 1-க்குப் போனார். அந்த ஜூன் மாதம் இண்டியானாபொலிஸில், சரிவான வளைவை மிஷலின் டயர்கள் தாங்காது என்று தெரிந்து, மிஷலின் போட்ட 14 கார்களும் ஒரு சுற்று வந்துவிட்டு பிட்டுக்குள் ஒதுங்கின. மிச்சம் ஆறே கார்: இரண்டு ஃபெராரி, இரண்டு ஜோர்டான், இரண்டு மினார்டி. ஷூமேக்கரும் பாரிச்செல்லோவும் முதல் இரண்டு இடம் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அன்று உண்மையில் நடந்த பந்தயம் மூன்றாமிடத்துக்கு, ஒரே அணியின் இரண்டு புதுமுகங்களுக்கு இடையில். ஜெயித்தது போர்ச்சுகலின் டியாகோ மான்டேரோ. நரேன் நான்காவது. ஏமாந்த கூட்டம் பாட்டில் எறிந்துகொண்டிருந்த ஊரில், ஃபெராரி ஓட்டுநர்கள் இருவரும் தலையைக் குனிந்து இறங்கிப் போக, மான்டேரோ மட்டும் தனியாக நின்று ஷாம்பெயின் பீய்ச்சினார். பலர் திட்டினார்கள். நான் திட்டமாட்டேன். அவருடைய வேலை சக ஓட்டுநரை முந்துவது, முந்தினார்.

அந்த நான்காமிடத்தின் 5 புள்ளிதான் நரேனின் ஃபார்முலா 1 வாழ்க்கையில் மொத்தப் புள்ளி. இதுவரை எந்த இந்தியரும் அந்தப் போடியத்தில் ஏறியதில்லை. ஆறு கார் ஓடிய பந்தயத்தில் ஒரு படி தவறிப்போனதுதான் நாம் அதற்கு மிக அருகில் போன நாள். சிலர் இதைக் கேலியாகச் சொல்வார்கள். ஆனால் அந்த ஆறில் ஒருவராக இருக்க முதலில் உலகத்தின் இருபது இருக்கைகளில் ஒன்று வேண்டும். பணமும் தடமும் இல்லாத ஒரு ஊரிலிருந்து அதைப் பிடித்தவரிடம் போய் 'நாலாவதுதானே' என்பதற்கு எனக்கு வாய் வராது.

கடைசியாக அஜித். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அவருடைய அணி தன் பிரிவில் மூன்றாவது வந்தது. நம் டைம்லைன் இரண்டாகப் பிளந்தது. ஒரு பக்கம் 'உலகத்தையே ஜெயித்த தல', மறு பக்கம் 'வெறும் மூணாவதுக்கு இவ்ளோ அலப்பறையா'. இரண்டு பேருமே பந்தயத்தைப் பார்க்கவில்லை. இப்படி மணிக்கணக்கில் ஓடும் எண்டூரன்ஸ் பந்தயத்தில் ஒரே தடத்தில் பல வகைக் கார்கள் சேர்ந்து ஓடும். பெரிய கார்களுக்கு ஒரு பட்டியல், சின்ன கார்களுக்கு வேறு பட்டியல். ஒவ்வொரு பிரிவுக்கும் தனிப் போடியம். பிரிவில் மூன்றாவது என்பது மொத்தத்தில் மூன்றாவது இல்லை, அதற்காகச் சும்மா கிடைத்ததும் இல்லை. ராத்திரி முழுக்க, முந்திப் போகும் பெரிய கார்களுக்கு வழி விட்டுக்கொண்டே, தன் பிரிவுக்காரனைப் பின்னால் வைத்திருக்க வேண்டும். எதையும் உடைக்காமல் விடியும்வரை வண்டி ஓட வேண்டும். 2003-இல் ஃபார்முலா பிஎம்டபிள்யூ ஆசியாவிலும் 2010-இல் ஃபார்முலா 2-விலும் ஓட்டியவர் அஜித். இந்த வித்தியாசம் அவருக்குத் தெரியும், ரசிகர்களுக்குச் சொல்ல வேண்டியது செய்தி போடுகிறவர்கள்.

போடவில்லையே! பயிற்சியில் நடந்த விபத்துக்குப் பிறகு, மூன்றாவது வந்த அந்தக் காரை ஓட்டும் பொறுப்பிலிருந்து அஜித் விலகிக்கொண்டு, வேறு பிரிவில் ஓடிய காரைத்தான் ஓட்டினார். மூன்றாமிடத்துக்கு வண்டியை இழுத்துக்கொண்டு வந்தவர்கள் மாத்யூ டெட்ரி, ஃபாபியன் டுஃபியூ, கேம் மெக்லியாட் ஆகியோர். அந்தப் பெயர்களை எத்தனை தமிழ்ச் செய்திகள் போட்டன என்று தேடிப் பாருங்கள்.